நூலிழையில் தவறிய சிசிஎன்ஏ தேர்வை மறுபடி எழுதுபவர்களுக்கு

சிஸ்கோவின் நெட்வொர்க் சான்றிதழ் தேர்வான சிசிஎன்ஏவை முதல் முறை எழுதித் தவறிய மறுநாளே நான் பாடப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து திறந்தேன். ஓஎஸ்ஐ அடுக்குகள், கேபிள் வகைகள், ஈதர்நெட் ஃபிரேம் என்று ஐந்து நாள் போனது. படிக்கப் படிக்கச் சுகமாக இருந்தது, ஒவ்வொரு வரியும் தெரிந்த வரி. ஆறாம் நாள்தான் உறைத்தது: தெரிந்ததையே படிப்பதால்தான் இவ்வளவு சுகம். என்னைத் தவற வைத்த பகுதிகள் புத்தகத்தின் நடுவில் எங்கோ கிடந்தன. அவற்றை நான் இன்னும் தொடவே இல்லை.

அந்த ஐந்து நாள் உங்களுக்கு மிச்சமாக வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். சிறு வித்தியாசத்தில் தவறியவர்களுக்கானது இது. ஏறக்குறைய எல்லாப் பகுதியிலும் பாதிக்குக் கீழே வாங்கியவர்கள், ஒரு சுற்று முறையாகப் படித்துவிட்டு வருவதே நல்லது. சிஸ்கோவின் சிசிஎன்ஏ 200-301 தேர்வை வைத்தே பேசுகிறேன். இதே துறையில் காம்ப்டியா நிறுவனம் நடத்தும் நெட்வொர்க் பிளஸ் தேர்வை எழுதுபவர்களுக்கு வேறுபடும் இடங்களை ஆங்காங்கே சொல்லியிருக்கிறேன். படிக்கும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான்.

தேர்வு முடிந்த அன்றே

அன்று மாலை படிக்க உட்காராதீர்கள். ஆனால் நினைவு சூடாக இருக்கும்போதே ஒரு தாளை எடுத்து, எந்தெந்தத் தலைப்பில் தடுமாறினீர்கள் என்று எழுதிவிடுங்கள். கேள்விகளை எழுத வேண்டாம். தேர்வு தொடங்குமுன் நீங்கள் ஒப்புக்கொண்ட ரகசிய உடன்பாடு, கேள்விகளை நினைவிலிருந்து திரட்டி யாருக்கும் கொடுப்பதைத் தடை செய்கிறது. உங்களுக்குத் தேவை கேள்வியும் இல்லை, உங்கள் நிலைமை. 'ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் முறை) அண்டை உறவு ஏன் உருவாகவில்லை என்று பார்க்கத் தெரியாமல் விழித்தேன்', 'வயர்லெஸ் கன்ட்ரோலர் திரையை அன்றுதான் முதல் முறை பார்த்தேன்', 'கடைசிப் பத்துக் கேள்விகளை நேரமில்லாமல் குத்துமதிப்பாக விட்டேன்'. இப்படி எட்டுப் பத்து வரிகள் போதும். இரண்டு நாள் கழித்து எழுதினால் இது வராது. 'எல்லாமே கஷ்டம்' என்ற ஒரே எண்ணம்தான் மிஞ்சும்.

இன்னொன்று. தவறியதை வீட்டிலும் நெருங்கிய நண்பர்களிடமும் அன்றே சொல்லிவிடுங்கள். மறைத்து வைத்துக்கொண்டு படித்தால், படிப்பின் மேல் இருக்க வேண்டிய கவனத்தில் பாதி அதை மறைப்பதிலேயே போய்விடும். இதை நான் பட்டறிந்து சொல்கிறேன்.

காத்திருக்கும் காலமும் புதிய தேதியும்

சிசிஎன்ஏவில் தவறினால், தவறிய நாளுக்கு அடுத்த நாளிலிருந்து ஐந்து நாட்கள் எண்ணி, அதன் பிறகே அதே தேர்வை மறுபடி எழுத முடியும். விடுமுறை நாட்களும் அந்த ஐந்தில் அடக்கம். நெட்வொர்க் பிளஸில் முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் இடையே கட்டாய இடைவெளி கிடையாது. மூன்றாம் முறையிலிருந்து குறைந்தது 14 நாட்கள் காத்திருக்க வேண்டும். இரண்டிலுமே மறுதேர்வுக்கு மறுபடி கட்டணம் கட்ட வேண்டும். பதிவு செய்யும்போது பழைய கணக்கையே பயன்படுத்துங்கள். புதுக் கணக்கு தொடங்கினால் உங்கள் தேர்வு வரலாறு இரண்டாகப் பிரிந்து பின்னால் தலைவலியாகும்.

விதி அனுமதிக்கிறது என்பதற்காக ஆறாம் நாளே போய் உட்கார வேண்டாம். அப்படிப் போவது பெரும்பாலும் கோபத்தில்தான். அதற்காக மூன்று மாதம் தள்ளிப் போடவும் வேண்டாம். கெட்டியாகத் தெரிந்த பகுதிகளும் அதற்குள் மங்கத் தொடங்கும். நூலிழையில் தவறியவர்களுக்கு இரண்டிலிருந்து நான்கு வாரம் சரியாக இருக்கும் என்பது என் கணிப்பு. எந்தப் பக்கம் சாய்வது என்பதை மதிப்பெண் அறிக்கையை அலசிய பிறகு முடிவு செய்யுங்கள்.

அறிக்கையைப் படிக்கும் விதம்

நெட்வொர்க் பிளஸில் இது எளிது. 100 முதல் 900 வரையான அளவுகோலில் 720 எடுத்தால் தேர்ச்சி. 705 எடுத்தவருக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பது தெரியும். சிசிஎன்ஏவுக்குத் தேர்ச்சி மதிப்பெண் எவ்வளவு என்பதை சிஸ்கோ வெளியிடுவதில்லை. கையில் இருப்பவை ஆறு பகுதிகளுக்கான சதவீதங்கள்தான். அவற்றில் நான்கு நல்ல உயரத்தில் நின்று, ஒன்றோ இரண்டோ மட்டும் சரிந்திருந்தால் நூலிழைதான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். சதவீதங்களைப் பார்த்து, எது மிகக் குறைவோ அதில் போய் விழுகிறார்கள். ஆனால் ஆறு பகுதிகளுக்கும் எடை ஒன்றில்லை. நெட்வொர்க் அடிப்படைகளுக்கு 20, நெட்வொர்க் அணுகலுக்கு 20, ஐபி இணைப்புக்கு 25, ஐபி சேவைகளுக்கு 10, பாதுகாப்பு அடிப்படைகளுக்கு 15, ஆட்டோமேஷனுக்கு 10 சதவீதம். எனவே ஒவ்வொரு பகுதியிலும் நீங்கள் விட்டதை அதன் எடையால் பெருக்கிப் பாருங்கள்.

ஒருவருடைய அறிக்கை இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: அடிப்படைகள் 85, அணுகல் 60, ஐபி இணைப்பு 58, சேவைகள் 80, பாதுகாப்பு 73, ஆட்டோமேஷன் 60. அணுகலும் ஆட்டோமேஷனும் ஒரே 60தான். ஆனால் அணுகலில் விட்டது 40 சதவீதம், எடை 20, ஆக நூற்றுக்கு 8 புள்ளி. ஆட்டோமேஷனிலும் அதே 40 சதவீதம், ஆனால் எடை 10 என்பதால் 4 புள்ளிதான். ஐபி இணைப்பில் விட்டது 42 சதவீதம், எடை 25, ஆக 10.5. பாதுகாப்பில் 4 புள்ளி, அடிப்படைகளில் 3, சேவைகளில் 2. மொத்தம் சுமார் 31.5 புள்ளி கைவிட்டுப் போயிருக்கிறது, அதில் 18.5 ஐபி இணைப்பிலும் அணுகலிலும் மட்டுமே. இவர் ஆட்டோமேஷனுக்கு ஒரு வாரம் கொடுத்தால் அது வீண். ரவுட்டிங்கிலும் சுவிட்ச்சிங்கிலும் பாதி ஓட்டையை அடைத்தாலே நிலைமை மாறிவிடும்.

இது சிஸ்கோவின் மதிப்பெண் கணக்கு ஆகாது. எங்கே நேரத்தைக் கொட்டுவது என்று முடிவு செய்ய நாமாகப் போடும் கணக்கு. அதற்கு மேல் இதை நம்ப வேண்டாம்.

கூடவே பாடத்திட்டத்தையும் ஒரு முறை சரிபாருங்கள். 200-301 தேர்வு 2020 பிப்ரவரியில் வந்தது. 2024 ஆகஸ்ட் 20 முதல் அதன் 1.1 பதிப்பு நடப்பில் இருக்கிறது. பழைய புத்தகத்தை வைத்துப் படித்தவர்களுக்கு ரூட் கார்டு, லூப் கார்டு, டெர்ராஃபார்ம், நெட்வொர்க் பராமரிப்பில் செயற்கை நுண்ணறிவு போன்றவை கண்ணில் பட்டிருக்காது. சிறு சேர்க்கைகள்தான். ஆனால் நூலிழை என்பதே ஒன்றிரண்டு கேள்விகளின் கதை.

தவறுகள் மூன்று வகை

இனி ஒரு நோட்டு போடுங்கள். பயிற்சியில் தவறும் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரி, பக்கத்தில் மூன்றில் ஒரு குறி. தெரியாதது, குழம்பியது, அவசரத்தில் விட்டது.

தெரியாதது எளிய நோய், படித்தால் தீரும். அவசரத்தில் விட்டது என்றால் 'இரண்டு விடைகளைத் தேர்ந்தெடு' என்பதைக் கவனிக்காமல் ஒன்றோடு நின்றிருப்பீர்கள், அல்லது 'எது சரியில்லை' என்று கேட்டதை 'எது சரி' என்று படித்திருப்பீர்கள். இதற்குப் பாடம் படித்துப் பயனில்லை. கேள்வியின் கடைசி வரியை முதலில் படிக்கும் பழக்கம்தான் மருந்து.

நூலிழையில் தவறியவர்களின் நோட்டில் நடுவில் உள்ள குறிதான் அதிகம் இருக்கும். குழம்பியது என்றால் இரண்டு விஷயமும் தனித்தனியே தெரியும், அருகருகே வந்தால் தடுமாறும். ஓர் எடுத்துக்காட்டு. ஒரு ரவுட்டிங் டேபிளில், அதாவது ரவுட்டரின் வழிப் பட்டியலில், 10.1.0.0/16 ஸ்டாட்டிக்காக (கையால் எழுதியதாக) இருக்கிறது, 10.1.1.0/24 ஓஎஸ்பிஎஃப் வழியாக வந்திருக்கிறது, 10.1.1.128/25 அதுபோன்ற இன்னொரு முறையான ஈஐஜிஆர்பி வழியாக வந்திருக்கிறது. 10.1.1.200க்குப் போகும் பேக்கெட் எந்த வழியில் போகும்? ஸ்டாட்டிக்கின் நிர்வாகத் தூரம் (குறைவானதே நம்பகமானது) 1, ஈஐஜிஆர்பிக்கு 90, ஓஎஸ்பிஎஃப்புக்கு 110 என்று மனப்பாடமாகத் தெரிந்தவர்தான் இங்கே ஸ்டாட்டிக்கைத் தேர்ந்தெடுத்துக் கோட்டை விடுவார். நிர்வாகத் தூரம் பேசுவது, ஒரே நெட்வொர்க்கும் ஒரே மாஸ்க்கும் இரண்டு வழியாக வந்து டேபிளில் இடம் பிடிக்கப் போட்டியிடும்போது மட்டும்தான். இங்கே மூன்றும் வெவ்வேறு மாஸ்க், அதனால் மூன்றும் டேபிளில் இருக்கின்றன. பேக்கெட்டை அனுப்பும்போது மிக நீளமாகப் பொருந்தும் வழியே வெல்லும். 200 என்பது 128க்கு மேல், ஆகவே /25 உள்ள ஈஐஜிஆர்பி வழி. அதே பேக்கெட் 10.1.1.50க்கு என்றால் ஓஎஸ்பிஎஃப் வழி.

குழப்பத்தைத் தீர்க்க அந்த இரண்டு விஷயத்தையும் ஒரே தாளில் அருகருகே எழுதி, 'இது எப்போது பேசும், அது எப்போது பேசும்' என்று உங்கள் சொந்த வார்த்தையில் இரண்டு வரி எழுதுங்கள். புத்தகத்திலிருந்து பார்த்து எழுதினால் ஒட்டாது.

கட்டுங்கள், உடையுங்கள், கண்டுபிடியுங்கள்

காணொளியில் ஒருவர் ஓஎஸ்பிஎஃப் அமைப்பதைப் பார்க்கும்போது நமக்கும் தெரிந்த மாதிரியே இருக்கும். கண் படிக்கும், கை படிக்காது. மூன்று வாரத்தில் பாதி நேரத்தை லேப்பில், அதாவது கையால் அமைத்துப் பார்க்கும் பயிற்சியில், கழியுங்கள் என்று சொன்னால் அது மிகையில்லை. நெட்வொர்க்கைக் கணினியிலேயே கட்டிப் பார்க்கும் சிஸ்கோவின் பேக்கெட் ட்ரேசர் இலவசம், சிசிஎன்ஏவுக்கு அது தாராளமாகப் போதும்.

மூன்று ரவுட்டரை முக்கோணமாக இணையுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு லூப்பேக் (கேபிள் இல்லாத கற்பனை இன்டர்ஃபேஸ்). எல்லாம் ஏரியா 0. 'ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் நெய்பர்' கொடுத்து எல்லா உறவும் ஃபுல் நிலைக்கு வந்ததா பாருங்கள். வந்ததும் கோப்பைச் சேமித்து, அதற்கு ஆறு நகல் எடுங்கள். ஒவ்வொரு நகலிலும் ஒரு கேடு செய்யுங்கள். ஒன்றில் ஒரு பக்கம் மட்டும் ஹலோ டைமரை 10லிருந்து மாற்றுங்கள். ஒன்றில் ஒரு இன்டர்ஃபேஸை வேறு ஏரியாவில் போடுங்கள். இன்னொன்றில் சப்நெட் மாஸ்க்கைத் தவறாகக் கொடுங்கள். அடுத்ததில் பாசிவ் இன்டர்ஃபேஸ், அதற்கடுத்ததில் இரண்டு ரவுட்டருக்கும் ஒரே ரவுட்டர் ஐடி. கடைசியில் நெட்வொர்க் கட்டளையின் வைல்ட்கார்டு மாஸ்க்கைப் பிழையாக எழுதுங்கள். கோப்புகளுக்கு எண் மட்டும் பெயராக வைத்து, வரிசையைக் கலைத்துவிட்டு இரண்டு நாள் தொடாதீர்கள்.

மூன்றாம் நாள் ஒன்றைத் திறந்து என்ன கேடு என்று கண்டுபிடியுங்கள். நிபந்தனை ஒன்றுண்டு: முழு ரன்னிங் கான்ஃபிக்கைப் பார்க்கக் கூடாது. நெய்பர் பட்டியல், 'ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் இன்டர்ஃபேஸ்', 'ஷோ ஐபி புரோட்டோகால்ஸ்', 'ஷோ ஐபி ரூட்' ஆகியவற்றை வைத்தே பிடிக்க வேண்டும். தேர்வில் வரும் பல கேள்விகள் இப்படி ஒரு வெளியீட்டைக் காட்டி 'ஏன்' என்று கேட்பவைதான். ஆறு கோப்பையும் இப்படிக் கடந்தவருக்கு ஓஎஸ்பிஎஃப் அதற்குப் பிறகு மறப்பதில்லை. அதே முக்கோணத்தில் ரவுட்டர் ஐடி எப்படித் தேர்வாகிறது என்றும் சோதித்துவிடுங்கள். கையால் கொடுத்தது முதலில், இல்லாவிட்டால் மிக உயர்ந்த லூப்பேக் முகவரி, அதுவும் இல்லாவிட்டால் இயங்கும் இன்டர்ஃபேஸ்களில் மிக உயர்ந்த முகவரி. ஓடிக்கொண்டிருக்கும் ஓஎஸ்பிஎஃப்பில் ஐடியை மாற்றிவிட்டு, செயல்முறையை மறுபடி தொடங்காமல் பழைய ஐடியே நிற்பதை உங்கள் கண்ணால் பாருங்கள். ஒரே சுவிட்ச்சில் உள்ள ரவுட்டர்களுக்குத் தலைமை தாங்கும் டிஆரைத் தேர்ந்தெடுப்பதும் அப்படித்தான். முன்னுரிமையை உயர்த்திய உடனே பதவி மாறாது, ஏற்கெனவே டிஆர் ஆனவர் ஆனவர்தான். இதைப் படித்தபோது எனக்குத் தலையில் ஏறவே இல்லை. ஒரே ஒரு சுவிட்ச்சில் மூன்று ரவுட்டரைச் சொருகி ஒரு முறை செய்து பார்த்ததும் ஏறிவிட்டது.

சுவிட்ச் பக்கம் இதே முறைதான். இரண்டு சுவிட்ச்சுக்கு நடுவே ஈதர்சேனல் (பல கேபிளை ஒன்றாகக் கட்டும் இணைப்பு) போட்டு, இரு பக்கமும் பாசிவ் வைத்துப் பாருங்கள், எழும்பாது. ஒரு பக்கம் ஆக்டிவ் ஆக்கினால் எழும்பும். ஒரு பக்கம் ஆன், மறுபக்கம் ஆக்டிவ் என்றாலும் எழும்பாது. பல விலான்களை (ஒரே சுவிட்ச்சுக்குள் பிரித்த தனித்தனி நெட்வொர்க்குகளை) சுமக்கும் இணைப்பான ட்ரங்க்கில் அனுமதித்த விலான் பட்டியலில் புதிதாக 30ஐச் சேர்க்கும்போது 'ஆட்' என்ற சொல்லை விட்டுவிட்டால், பழைய பட்டியல் அழிந்து 30 மட்டுமே மிஞ்சும். வேலையில் இருப்பவர்களே செய்யும் பிழை இது. ஒரு முறை லேப்பில் செய்து, மற்ற விலான்கள் அறுந்து போவதைப் பாருங்கள். பிறகு அந்தச் சொல் கையிலிருந்து தவறாது.

சுவிட்ச்சுகளுக்கு இடையே வளையம் விழாமல் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீயில் ஒரு கண்டிப்பு வைத்துக்கொள்ளுங்கள்: 'ஷோ ஸ்பானிங்-ட்ரீ' அடிக்குமுன் தாளில் விடையை எழுத வேண்டும். எது ரூட், எது ரூட் போர்ட், எது அடைபடும் என்று. இயல்பான முன்னுரிமை 32768, அதோடு விலான் எண்ணும் சேரும், ஆகவே விலான் 10க்கு 32778 என்று தெரியும். எல்லாம் சமமானால் மிகக் குறைந்த மேக் முகவரி ரூட். பாதையின் செலவு 100 எம்பிபிஎஸ் இணைப்புக்கு 19, ஒரு ஜிகாபிட்டுக்கு 4. தாளில் எழுதியதும் திரையில் வந்ததும் வேறுபட்டால் அடுத்த அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். அந்த வேறுபாட்டில்தான் உங்கள் மதிப்பெண் ஒளிந்திருக்கிறது.

சப்நெட்டிங்

சப்நெட்டிங், அதாவது முகவரித் தொகுதியைப் பிரித்துக் கணக்கிடுவது, தெரியுமா என்று கேட்டால் எல்லோரும் தெரியும் என்பார்கள். எத்தனை வினாடியில் என்று கேட்க வேண்டும். 10.20.77.130/21 என்று கொடுத்தால், மூன்றாம் எண்ணில் தொகுதி அளவு 8, எட்டின் மடங்குகளில் 77க்குக் கீழே 72, ஆக நெட்வொர்க் 10.20.72.0, பிராட்காஸ்ட் 10.20.79.255, வைல்ட்கார்டு 0.0.7.255. இது முப்பது வினாடிக்குள் வர வேண்டும். வராவிட்டால், தெரிந்தும் தவறுகிறீர்கள். அந்த நேரத்தை வேறு ஏதோ ஒரு கேள்வியிலிருந்து திருடிக்கொண்டிருக்கிறீர்கள்.

தினமும் காலையில் இருபது நிமிடம், தாளும் பேனாவும் மட்டும். ஒரு நாள் கூட விடாதீர்கள். மூன்றாம் எண்ணில் விழும் மாஸ்க்குகளான /17 முதல் /23 வரை அதிகம் செய்யுங்கள், பெரும்பாலோர் தடுமாறுவது அங்கேதான். ஐபிவி6க்கு தனியாகப் பயம் வேண்டாம். முகவரியைச் சுருக்குவதும் விரிப்பதும், எஃப்இ80 எனத் தொடங்கும் லிங்க் லோக்கல், இயுஐ-64இல் ஏழாவது பிட்டைத் திருப்புவது ஆகியவை கைக்கு வந்துவிட்டால் பெரும்பகுதி முடிந்தது.

சிறு பகுதிகள்

சேவைகள், ஆட்டோமேஷன், வயர்லெஸ் மூன்றையும் இரண்டு இரண்டு மாலைகளில் முடித்துவிடலாம். பதிவுச் செய்திகளான சிஸ்லாக்கின் நிலைகள் 0 முதல் 7 வரை, முகவரி வழங்கும் டிஹெச்சிபியின் ரிலேக்கான ஹெல்ப்பர் முகவரியைக் கிளையன்ட் இருக்கும் பக்கத்து இன்டர்ஃபேஸில் போடுவது, முகவரியை மாற்றி அனுப்பும் என்ஏடியில் (NAT) எது உள்ளே எது வெளியே, அனுமதிப் பட்டியலான ஏசிஎல்லின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் 'டினை'. ஆட்டோமேஷனில் ஜேசன் கோப்பைப் படிக்கத் தெரிய வேண்டும், நிரல்கள் பேசிக்கொள்ளும் முறையான ரெஸ்ட்டில் (REST) போஸ்ட், கெட், புட், டிலீட் என்னென்ன செய்யும் என்று தெரிய வேண்டும். நிரல் எழுதத் தேவையில்லை. வயர்லெஸ் கன்ட்ரோலரின் திரையில் ஒரு விலேனை (வயர்லெஸ் நெட்வொர்க்கை) உருவாக்கி, பாதுகாப்பு அமைத்துப் பார்த்துவிடுங்கள். இதை மட்டும் வாசிப்போடு நிறுத்தாதீர்கள். எந்தப் பெட்டி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது கைபட்டால்தான் நினைவில் நிற்கும்.

மாதிரித் தேர்வுகளும் டம்ப்புகளும்

முதல் முறைக்கு முன் செய்த அதே மாதிரித் தேர்வை மறுபடி செய்து 95 வந்தால் மகிழாதீர்கள். விடைகள் நினைவில் இருக்கின்றன, அவ்வளவே. புதிதாக ஒன்று தேடுங்கள். அதைவிட முக்கியம், சரியாகச் சொன்ன கேள்விக்கும் மற்ற மூன்று விடைகள் ஏன் தவறு என்று ஒவ்வொரு வரி சொல்லிப் பாருங்கள். சொல்ல வராவிட்டால் அந்தச் சரியையும் நோட்டில் 'குழம்பியது' என்று குறியுங்கள். மூன்று வாரத்தில் முழு நேரத்துக்கு எழுதும் மாதிரித் தேர்வு இரண்டு போதும். தினம் ஒன்று எழுதுபவர்கள் படிப்பதை விட்டுவிட்டுத் தங்களை அளந்துகொண்டே இருக்கிறார்கள்.

தவறிய வாரத்தில்தான் டம்ப், அதாவது களவாடிய தேர்வுக் கேள்விகள், விற்பவர்கள் கண்ணில் படுவார்கள். 'உண்மையான கேள்விகள், உறுதியான தேர்ச்சி' என்று சொல்வார்கள். சோர்ந்து கிடக்கும் நேரத்தில் அது ஆசை காட்டும், அந்த ஆசை எனக்குப் புரிகிறது. தொடாதீர்கள். பிடிபட்டால் முடிவு ரத்தாகும், இனித் தேர்வே எழுத முடியாதபடி தடையும் வரலாம். பிடிபடாவிட்டாலும், அவற்றில் பிழையான விடைகள் ஏராளம். சரியாகவே இருந்தாலும், முதல் வேலையில் ஒரு ட்ரங்க் அறுந்து கிடக்கும்போது உங்களிடம் இருக்கப் போவது விடை எழுத்துக்கள் மட்டும்தான். இத்தனை அருகில் வந்தவருக்கு அது தேவையும் இல்லை.

நேரக் கணக்கு

சிசிஎன்ஏவுக்கு 120 நிமிடம். ஒரு கேள்வியை விட்டு நகர்ந்தால் திரும்பி வர முடியாது. நெட்வொர்க் பிளஸில் 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்விகள், குறித்து வைத்துவிட்டுத் திரும்பி வரலாம். ஆகவே அங்கே தொடக்கத்தில் வரும் செயல்முறைக் கேள்விகளைத் தாண்டிப் போய்விட்டுக் கடைசியில் வருவது நல்ல உத்தி. சிசிஎன்ஏவில் அந்த உத்தி எடுபடாது, அங்கே ஒவ்வொரு கேள்வியிலும் எவ்வளவு நேரம் நிற்பது என்பதை முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.

திரையில் 90 கேள்விகள் என்று காட்டுவதாக வைத்துக்கொள்வோம். எத்தனை லேப் கேள்வி வரும் என்று முன்கூட்டித் தெரியாது, நான்கு என்று வையுங்கள். லேப்புக்கு 8 நிமிடம் என்றால் 32 போக 88 நிமிடம், 86 கேள்விகள். கேள்விக்கு ஒரு நிமிடம். இதிலிருந்து மூன்று நிறுத்தங்களை எழுதிக்கொள்ளுங்கள்: 30, 60, 90 நிமிடங்கள் கழியும்போது எந்தக் கேள்வியில் இருக்க வேண்டும் என்று. நிறுத்தத்தில் மட்டும் கடிகாரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் பார்த்தால் பதற்றம்தான் மிச்சம்.

ஒரு லேப் எட்டு நிமிடத்தில் முடியாவிட்டால் முடிந்தவரை அமைத்து, சேமிக்கச் சொல்லியிருந்தால் சேமித்துவிட்டு நகருங்கள். எனக்கு முதல் முறை நேர்ந்தது இதுதான். ஒரே லேப்பில் இருபது நிமிடம் நின்றேன். கடைசியில் தெரிந்த கேள்விகளையும் படிக்காமலே விட வேண்டியதாயிற்று.

தேர்வு நாள்

முதல் நாள் இரவு புதிதாக எதையும் திறக்க வேண்டாம். நோட்டில் 'குழம்பியது' என்ற குறி போட்ட வரிகளை மட்டும் ஒரு முறை ஓட்டிவிட்டுத் தூங்குங்கள். அடையாள அட்டையில் உள்ள பெயரும் பதிவு செய்த பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்பதை ஒரு வாரம் முன்பே பார்த்துவிடுங்கள்.

மையத்துக்குப் போய் எழுதினால் அழித்தெழுதும் பலகை தருவார்கள். வீட்டிலிருந்து எழுதினால் தாள், பேனா எதுவும் கூடாது. திரையிலேயே இருக்கும் வெண்பலகையில் மவுஸால்தான் எழுத வேண்டும். அதில் சப்நெட் அட்டவணை எழுதுவது சிரமம், முன்பே வேறு ஏதாவது வரைபலகையில் பழகுங்கள். வாய்விட்டுப் படிக்கும் வழக்கம் உள்ளவர்கள் மையத்தைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. வீட்டுத் தேர்வில் உதடு அசைந்தாலே கண்காணிப்பாளர் எச்சரிக்கக்கூடும்.

உட்கார்ந்ததும் முதல் வேலையாகத் தொகுதி அளவுகளையும் உங்கள் மூன்று நேர நிறுத்தங்களையும் பலகையில் எழுதுங்கள். போன முறை வந்த கேள்விகளைத் தேடாதீர்கள், கேள்விக் கட்டு மாறியிருக்கும். பழகிய மாதிரி தெரியும் கேள்வியில்தான் அதிகம் கவனம் வேண்டும், ஒரே ஒரு எண் மாறியிருந்தாலும் விடை மாறிவிடும்.

நீங்கள் ஆறு கோப்புகளில் உடைத்துத் திருத்திய அதே ஓஎஸ்பிஎஃப் வெளியீடு திரையில் வரும்போது, விடைகளின் பக்கம் கண்ணைக் கொண்டுபோகாதீர்கள். முதலில் வெளியீட்டைப் படியுங்கள்: அண்டை எந்த நிலையில் நிற்கிறது, ஏரியா எது, ஹலோ எவ்வளவு, மாஸ்க் என்ன, இன்டர்ஃபேஸ் பாசிவாக இருக்கிறதா. கேடு இதுதான் என்று மனத்துக்குள் ஒரு வரி சொல்லிக்கொள்ளுங்கள். அதன் பிறகு கீழே போய், அந்த வரி எந்த விடையாக எழுதப்பட்டிருக்கிறது என்று தேடுங்கள்.